உஷார்! ஓடாத எக்ஸிக்காக டிஃபெண்டரை அணைக்காதீர்கள்

கடைசி செமஸ்டர் ரிவ்யூ நெருங்கும்போது கல்லூரி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "என் லேப்டாப்புல நல்லா ஓடுச்சுடா. லேப்ல போட்டா ஓடவே மாட்டேங்குது." அடுத்த நிமிஷம் ஒரு நண்பன் வைத்தியம் சொல்லிவிடுவான். "டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு ஓட்டு மச்சி." படிப்பவர்களில் சிலராவது அன்றிரவே அதைச் செய்துவிடுவார்கள். பலர் திரும்ப ஆன் செய்யவும் மறந்துவிடுவார்கள்.

உஷார்! அந்த ஒரு வரிதான் இன்று நம் பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்குள் திருடனை அழைத்து வந்து உட்கார வைக்கிறது. கம்பைல் செய்த புரோகிராம் ஒன்று பெயர் மாற்றிய பிறகோ, வேறொருவருக்குக் கொடுத்த பிறகோ ஓடவில்லை என்றால் அதற்குச் சாதாரணமான, கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள்தான் இருக்கும். பெரும்பாலான காரணங்களுக்கும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கும் சம்பந்தமே கிடையாது.

நம் பெரம்பலூர் பக்கம், திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் பஸ்களை மதுரகாளியம்மன் கோயிலுக்கு வருபவர்கள் நிறைப்பார்கள். மற்ற நாட்களில் நிறைப்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் பக்கமிருந்தெல்லாம் பெரம்பலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அண்ணன் அதில் ப்ராஜெக்ட் செய்வான், தங்கை ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிப்பாள், அப்பாவின் வங்கிக் கணக்கையும் அதே குரோமில்தான் திறப்பார்கள். பாஸ்வேர்டை 'சேவ்' செய்து வைத்திருப்பார்கள். ஒரு ப்ராஜெக்ட்டுக்காகக் கதவைத் திறந்துவிட்டால் போவது மார்க் மட்டுமல்ல. அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் மாற்றம். எக்ஸி ஃபைலின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் நிரலில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆனால் அந்தப் பெயரை நம்பிப் பக்கத்தில் வேறு சில ஃபைல்கள் இருக்கலாம். சி ஷார்ப்பிலோ விபி டாட் நெட்டிலோ பழைய டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கை வைத்துச் செய்த ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'லைப்ரரி.எக்ஸி' உருவாகும்போது பக்கத்திலேயே 'லைப்ரரி.எக்ஸி.கான்ஃபிக்' என்று ஒரு சின்ன ஃபைலும் உருவாகும். டேட்டாபேஸ் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பெயரில் நுழைய வேண்டும் என்ற கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கைப் பெரும்பாலும் அதற்குள்தான் வைப்பார்கள். எக்ஸியை மட்டும் 'ஃபைனல் ப்ராஜெக்ட்.எக்ஸி' என்று மாற்றினால், அது 'ஃபைனல் ப்ராஜெக்ட்.எக்ஸி.கான்ஃபிக்' என்ற ஃபைலைத் தேடும். கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் திரையைத் திறந்துவிடும். லாகின் பட்டனை அழுத்தும்போதுதான், 'ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்' என்று தொடங்கும் அந்தப் பிரபலமான பிழையோடு விழும். எக்ஸ்டர்னல் எதிரே நிற்கும் பிள்ளைக்குக் கை நடுங்கும். தீர்வு இரண்டு ஃபைல்களுக்கும் ஒரே பெயரை வைப்பதுதான். பத்து வினாடி வேலை.

இன்னொன்று பல ஆசிரியர்களுக்கே தெரியாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, 32 பிட் எக்ஸியின் பெயரில் 'செட்டப்', 'இன்ஸ்டால்', 'அப்டேட்' என்ற சொற்களில் ஒன்று இருந்தால், இது ஏதோ இன்ஸ்டாலர் என்று விண்டோஸ் தானாகவே ஊகித்துக்கொள்ளும். என்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் உள்ளே இல்லாத புரோகிராம்களுக்குத்தான் இந்த ஊகம். பழைய டெவ் சி++, கோட் பிளாக்ஸ் போன்றவற்றில் மாணவர்கள் 32 பிட்டாகக் கம்பைல் செய்யும் எக்ஸிகள் பெரும்பாலும் இந்த ரகம். 'ஸ்டூடன்ட்.எக்ஸி' ஒழுங்காக ஓடியிருக்கும். அதைத் திருத்திய பிறகு 'ஸ்டூடன்ட் அப்டேட்.எக்ஸி' என்று பெயர் வைத்திருப்பான். லேப் கம்ப்யூட்டர் உடனே அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓட்டினால் கூடுதல் அனுமதி தேவை என்று மறுத்துவிடும். அந்த மறுப்பின் எண் 740. பையனோ ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்து, யாரோ சொன்னார்கள் என்று, அப்படி அனுமதி கேட்கும் காவலான யூஏசியையே அணைத்துவிடுவான். பழைய பெயரைத் திரும்ப வைத்தால் போதும், ஓடிவிடும்.

ஜாவாவில் கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலின் பெயரைக் கையால் மாற்றினால் ஜாவா ஏற்காது. உள்ளே பதிந்திருக்கும் பெயரும் வெளிப்பெயரும் பொருந்த வேண்டும். டர்போ சி++ எக்ஸி 16 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸ் வேண்டும். அங்கேயும் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் வெட்டிவிடும். கிராஃபிக்ஸ் புரோகிராம் என்றால் 'ஈஜிஏவிஜிஏ.பிஜிஐ' என்ற ஃபைலும் கூடவே போக வேண்டும். இவற்றில் எதையாவது ஆன்டிவைரஸை அணைத்துச் சரிசெய்ய முடியுமா, சொல்லுங்கள்.

அடுத்தது பகிர்வு. இங்கேதான் ஆபத்து அதிகம்.

நண்பனின் கம்ப்யூட்டரில் எக்ஸியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும். 'விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை' என்று சொல்லும். கோட் பிளாக்ஸில் செய்த சி++ புரோகிராம் என்றால் 'லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல்' என்றோ, லிப்ஜிசிசி என்று தொடங்கும் இன்னொன்றையோ கேட்கும். எழுதியவனின் கம்ப்யூட்டரில் கம்பைலரோடு சேர்ந்து இந்த டிஎல்எல்கள் வந்திருக்கும். வாங்கியவனிடம் இருக்காது. நம் பிள்ளைகள் செய்வது என்ன? அந்தப் பெயரை அப்படியே கூகுளில் போடுகிறார்கள். 'இலவச டிஎல்எல் டவுன்லோடு' என்று வரிசையாகத் தளங்கள் வருகின்றன. ஒன்றை இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள்.

செய்யாதீர்கள்! டிஎல்எல் என்பதும் கம்பைல் செய்த புரோகிராம்தான். உங்கள் எக்ஸி தொடங்கும்போதே அதுவும் கூடவே ஓடும். உங்கள் எக்ஸிக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைச் சிஸ்டம் ஃபோல்டருக்குள் நீங்களே அட்மின் அனுமதி கொடுத்து வைக்கிறீர்கள். அது யோக்கியமான டிஎல்எல்லாகவே இருந்தாலும், 32 பிட் புரோகிராமுக்கு 64 பிட் டிஎல்எல்லைப் போட்டால், ஏழு பி என்று முடியும் நீளமான பிழை எண்ணோடு புரோகிராம் மறுபடி விழும். உடனே இன்னொரு தளம், இன்னொரு டவுன்லோடு.

சரியான வழி சுலபம். விசிரன்டைம் கேட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' இறக்கிப் போட வேண்டும். வேறு தளம் வேண்டாம். கேட்கும் பெயர் 'விசிரன்டைம்140டி' என்று 'டி'யில் முடிந்தால், நீங்கள் டீபக் முறையில் கம்பைல் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த டிஎல்எல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் போவதற்கானதே அல்ல. ரிலீஸ் முறையில் திரும்பக் கம்பைல் செய்யுங்கள். கோட் பிளாக்ஸில் லிங்கர் அமைப்பில் 'ஸ்டாட்டிக்' என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் தேவையான பகுதிகள் எக்ஸிக்குள்ளேயே வந்துவிடும். எக்ஸி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஜிப்பாக வந்த ப்ராஜெக்ட்டை விரிக்காமலே, ஜிப்புக்குள் இருந்தபடியே எக்ஸியை டபுள் கிளிக் செய்வார்கள். விண்டோஸ் அந்த ஒரு எக்ஸியை மட்டும் தற்காலிக ஃபோல்டருக்கு எடுத்து ஓட்டப் பார்க்கும். டிஎல்எல், படங்கள், டேட்டாபேஸ் எல்லாம் ஜிப்புக்குள்ளேயே நிற்கும். புரோகிராம் ஓடாது. 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து முழுதாக விரித்தால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். மீதியில் பெரும்பங்கு, கோடுக்குள் தன் டெஸ்க்டாப்பின் முழு விலாசத்தையும் எழுதி வைத்ததால் வருவது. சி டிரைவ், யூசர்ஸ், தன் பெயர், டெஸ்க்டாப் என்று எழுதியிருந்தால் அடுத்தவன் கம்ப்யூட்டரில் அந்த விலாசம் எப்படி இருக்கும்?

பைத்தானில் எழுதியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பைஇன்ஸ்டாலரை வைத்து எக்ஸி செய்கிறார்கள். வழக்கமான முறையில் செய்தால் எக்ஸியோடு ஒரு ஃபோல்டரும் வரும். 2023இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அதன் பெயர் '_இன்டர்னல்'. எக்ஸியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் பைத்தானின் டிஎல்எல்லையே காணோம் என்று நின்றுவிடும். சரி, எல்லாம் ஒரே எக்ஸியாக வேண்டும் என்று 'ஒன்ஃபைல்' முறைக்குப் போனால் வேறொரு தொல்லை. அந்த எக்ஸி ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன்னைத்தானே தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொண்டு ஓடும். இதே கருவியை, இதே முறையில் வைரஸ் எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒரு பாவமும் அறியாத மாணவனின் எக்ஸியையும் ஆன்டிவைரஸ் பிடித்துக்கொண்டு போவது உண்டு. 'டிஃபெண்டர ஆஃப் பண்ணு' என்ற வைத்தியம் நியாயம் போலத் தோன்றுவது இந்த ஒரு இடத்தில்தான். அதனாலேயே இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் எக்ஸியை டிஃபெண்டர் பிடித்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து 'ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். எந்த ஃபைலை, எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லிப் பிடித்தது என்று அங்கே இருக்கும். எதுவும் இல்லையென்றால் உங்கள் புரோகிராம் ஓடாததற்குக் காரணம் டிஃபெண்டர் அல்ல என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். இருந்தால், அது பொய்யாகப் பிடித்ததா, மெய்யாகப் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். நம்பகமான கம்ப்யூட்டரில் கோடிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். அந்தப் புது எக்ஸியையும் அதே பெயர் சொல்லிப் பிடித்தால் பொய்ப்பிடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். புதியதை விட்டுவிட்டு, பென்டிரைவில் ஊர்சுற்றி வந்த பழைய எக்ஸியை மட்டும் பிடித்தால்? அப்போது இரண்டின் அளவையும் ஒப்பிடுங்கள். அதே கோடு, அதே கம்பைலர் என்றிருந்தும் அளவு வித்தியாசப்பட்டால் அந்த எக்ஸியை நம்பாதீர்கள். அதற்குள் வேறொன்று குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இது கற்பனை அல்ல. சாலிட்டி, ராம்னிட், வைரூட், நெஷ்டா என்று பெயர் பெற்ற வைரஸ்களின் தொழிலே எக்ஸிகளுக்குள் புகுவதுதான். நெஷ்டாவைப் பாருங்கள். அகப்பட்ட எக்ஸியின் தலைப்பக்கத்தில் சுமார் 40 கேபி அளவுக்குத் தன்னை ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'எஸ்விசிஹோஸ்ட்.காம்' என்ற பெயரில் ஒரு பிரதியை வைக்கும். அதே பெயரில் எக்ஸி என்று முடிகிற ஒரு நல்ல சிஸ்டம் ஃபைல் இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிறகு, எந்த எக்ஸியைத் திறந்தாலும் முதலில் தன் வழியாகவே போகும்படி ரெஜிஸ்ட்ரியை மாற்றிவிடும். ஆன்டிவைரஸ் வந்து அந்த ஃபைலை அழித்துவிட்டு ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்யாமல் விட்டால், கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸிகூடத் திறக்காது. ஜனங்கள் என்ன சொல்வார்கள்? "ஆன்டிவைரஸ் போட்டேன், எல்லாம் போச்சு." காவலாளியின் மேல் பழி விழும். அடுத்த தடவை காவலே வேண்டாம் என்பார்கள்.

இந்த வைரஸ்களுக்கு ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும். பென்டிரைவ்தான் அந்த வண்டி. ரெக்கார்டு பிரின்ட் எடுக்க, சினாப்ஸிஸ் பைண்டிங் போட என்று ஒரே ஜெராக்ஸ் கடையின் ஒரே சிஸ்டத்தில் எத்தனை பென்டிரைவ்கள் ஏறி இறங்குகின்றன! கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. கூட்டத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரின்டுக்குப் போகும் பென்டிரைவில் பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். ப்ராஜெக்ட் எக்ஸி அந்தப் பென்டிரைவில் இருக்கவே கூடாது. பென்டிரைவைத் திறந்ததும் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றால் ஒன்றையும் தொடாதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் மறைந்துதான் இருக்கும், அழிந்திருக்காது. அந்த ஷார்ட்கட்டை ஒரு தடவை கிளிக் செய்வதுதான் உண்மையான சேதம். இன்னொரு விஷயம். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலில் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் ஒரு குறி போட்டு வைக்கும். ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலத் திரையைக் காட்டி எச்சரிப்பது பெரும்பாலும் அந்தக் குறியைப் பார்த்துத்தான். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் வழியாக வந்தால் குறி உதிர்ந்துவிடும். பென்டிரைவிலிருந்து போட்டபோது எச்சரிக்கை வரவில்லை என்பது அந்த ஃபைல் நல்லது என்பதற்குச் சாட்சியாகாது.

ஜிமெயில் எக்ஸியை அனுப்ப விடாது. ஜிப் செய்தாலும் உள்ளே பார்த்துத் தடுத்துவிடும். உடனே எக்ஸியை டிஎக்ஸ்டி என்றோ ஜேபெக் என்றோ மாற்றி அனுப்புகிறார்கள். வாங்குகிறவன் திரும்பப் பெயரை மாற்றுகிறான், ஓடவில்லை. ஏன்? விண்டோஸ் ஃபைல் பெயரின் வால்பகுதியை வழக்கமாக மறைத்தே காட்டும். 'லைப்ரரி' என்று தெரிவதை அவன் 'லைப்ரரி.எக்ஸி' என்று மாற்றியிருப்பான். உண்மைப் பெயர் 'லைப்ரரி.எக்ஸி.டிஎக்ஸ்டி' ஆகியிருக்கும். டபுள் கிளிக் செய்தால் நோட்பேட் திறந்து கிறுக்கல் கிறுக்கலாக ஏதோ தெரியும்.

அந்தக் கிறுக்கலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் இரண்டு எழுத்து 'எம்', 'இசட்' என்று இருக்கும். டாஸ் காலத்தில் இந்த ஃபைல் அமைப்பை வடிவமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. கொஞ்சம் தள்ளி, இந்தப் புரோகிராம் டாஸில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இன்றைய விண்டோஸ் எக்ஸி, டிஎல்எல் எல்லாமே இந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. யாராவது 'மார்க்‌ஷீட்', 'இன்டர்ன்ஷிப் ஆஃபர்' என்று ஒரு ஃபைல் அனுப்பி, மேலே பிடிஎஃப் ஐகானும் இருந்தால், டபுள் கிளிக் செய்யாமல் முதலில் நோட்பேடைத் திறந்து, அதற்குள்ளிருந்து 'ஓப்பன்' கொடுத்து அந்த ஃபைலைக் காட்டுங்கள். பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே பிடிஎஃப் என்று எழுதியிருக்கும். 'எம்இசட்' என்று தொடங்கினால் அது புரோகிராம். வெளியே என்ன பெயர் இருந்தாலும் சரி, என்ன படம் ஒட்டியிருந்தாலும் சரி, அழித்துவிடுங்கள்.

பெயரின் வால்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', பிறகு 'ஷோ', பிறகு 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைக் கலங்கடித்த 'ஐ லவ் யூ' வைரஸ், கடைசி வாலை மறைக்கும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் காதல் கடிதம் போல வேடமிட்டது. கால் நூற்றாண்டு ஆகியும் விண்டோஸ் இன்னும் வாலை மறைத்தே கொடுக்கிறது. அதோடு, எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும் ஒரு கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறியைப் பெயரின் நடுவில் நுழைத்து, எக்ஸியைப் பிடிஎஃப் போலக் காட்டும் தந்திரமும் உண்டு. அதனால் வாலைப் பார்த்தாலும் போதாது. 'டைப்' என்ற பத்தியில் 'அப்ளிகேஷன்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"நான் எழுதிய கோடுதானே, அதில் என்ன வைரஸ் வரப்போகிறது" என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2009 ஆகஸ்டில் 'இன்டக்' என்ற வைரஸ் வெளிச்சத்துக்கு வந்தது. அது டெல்ஃபி கம்பைலரின் ஒரு அடிப்படை ஃபைலையே மாற்றிவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் அதற்குப் பிறகு கம்பைல் ஆகும் ஒவ்வொரு எக்ஸியும் பிறக்கும்போதே வைரஸோடு பிறக்கும். எழுதியவரின் கோடில் ஒரு வரிகூடத் தப்பு இருக்காது. 2015இல் சீனாவில், ஆப் செய்ய உதவும் ஆப்பிளின் எக்ஸ்கோடை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்க நேரமாகிறது என்று, வேறு யாரோ பகிர்ந்து வைத்த பிரதியைப் பல டெவலப்பர்கள் எடுத்தார்கள். அதற்குள் 'எக்ஸ்கோட் கோஸ்ட்' என்ற கெட்ட நிரல் இருந்தது. அவர்கள் கம்பைல் செய்த ஆப்கள் ஆப் ஸ்டோருக்கே போய்ச் சேர்ந்தன, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வீசாட் உட்பட. இப்போது நம் ஊருக்கு வாருங்கள். சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பென்டிரைவில் கைமாறும் டர்போ சி ஜிப்பை முதலில் யார் கட்டினார்கள், நடுவில் யார் பிரித்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா? கம்பைலரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

டிஃபெண்டரை அணைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். 'லுமா' என்றொரு திருட்டு மென்பொருள். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் செய்த நிலையைக் காக்கும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டே மாதத்தில், உலகில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்த வகைத் திருடர்கள் வரும் முக்கியமான வழி, இலவசமாகக் கிடைக்கும் கிராக் மென்பொருள். அதன் கூடவே ஒரு குறிப்பும் வரும்: 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.' நம் வாட்ஸ்அப் குரூப் வைத்தியமும் அதே வாசகம்தானே! கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் அமைப்புகள் தனியாக இருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை. அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் அகப்பட்டது என்றால், காவலையே அணைத்துவிட்ட வீட்டு லேப்டாப் எம்மாத்திரம்?

செல்போனிலும் இதே கதைதான், இன்னும் கொடூரமாக. ஏபிகே என்பதும் கம்பைல் செய்த புரோகிராம். அதன் வெளிப்பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராத சலான், பி.எம். கிசான் என்று பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் பெரம்பலூர்ச் சம்சாரிக்கு, நான்கு மாதத்துக்கொரு முறை வரவேண்டிய பி.எம். கிசான் உதவித்தொகையின் 2,000 ரூபாய் தவணை வரவில்லை என்றால் கவலை வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் தெரிந்தவர் நம்பரிலிருந்தே 'பி.எம். கிசான்' ஏபிகே வந்தால் நம்பிவிடுவார். தெரிந்தவர் அனுப்பியிருக்க மாட்டார். அவர் போனைப் பிடித்த அதே ஏபிகே அடுத்தவர்களுக்குத் தன்னை அனுப்பிக்கொண்டிருக்கும். இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் போன் செய்து, "ப்ளே ப்ரொடெக்ட்டை ஆஃப் பண்ணுங்க ஐயா, வந்துடும்" என்று மரியாதையாகச் சொல்லவும் ஆள் இருக்கிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்ததும் ஓடிபி அவன் கைக்குப் போய்விடும்.

கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் செய்து உங்கள் ஏபிகேயை நண்பனுக்கு அனுப்பி, 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்று வந்தால் பெரும்பாலும் கையொப்பப் பிரச்சினைதான். ஒரு கம்ப்யூட்டரில் கட்டிய டீபக் ஏபிகேயும் இன்னொன்றில் கட்டியதும் வேறு வேறு சாவியால் கையொப்பம் ஆகியிருக்கும். போனில் முன்பே இருக்கும் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போட்டால் ஏறும். இதற்காக அப்பாவின் போனில், அதன் காவலான ப்ளே ப்ரொடெக்ட்டை அணைத்து டெஸ்ட் செய்யாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

திருச்சிப் பக்கம் போய்ப் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து எக்ஸியாக வாங்கி வருகிறவர்களுக்கு ஒன்று. கோடு தராமல் எக்ஸி மட்டும் தருகிறார்கள் என்றால் வாங்காதீர்கள். 'ஓடலைன்னா ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிக்கங்க' என்று அவர்களே சொல்லியனுப்பினால் அந்த எக்ஸியை உங்கள் லேப்டாப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எக்ஸியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ரிலீஸ் ஃபோல்டர் முழுவதையும், பெயர் மாற்றாமல், ஜிப்பாக்கிக் கொடுங்கள். பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளையால் வரும் நீண்ட எண்ணை வேறொரு வழியில் நண்பனுக்குச் சொல்லுங்கள். அவனிடமும் அதே எண் வந்தால் வழியில் ஃபைல் மாறவில்லை என்று உறுதியாகும். பெயரை மாற்றினால் அந்த எண் மாறாது, உள்ளே ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும். ஆனால் இதைவிடப் பாதுகாப்பானது, கோடை மட்டும் கொண்டுபோய் லேப் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்வது.

அதற்கு லேப் பொறுப்பாளர்கள் மனது வைக்க வேண்டும். ஐயா, அம்மா, ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர்களிடம் என்ன கம்பைலர், எந்தப் பதிப்பு என்று கேட்டுப் போட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுங்கள். எக்ஸி ஓடவில்லை என்பதற்காக மார்க்கைக் குறைத்தால், அந்தப் பயமே பிள்ளைகளை டிஃபெண்டரை அணைக்கத் தள்ளும். கோடைத் திறந்து விளக்கச் சொல்லுங்கள்.

தெரியாமல் எக்ஸியையோ ஏபிகேயையோ ஓட்டிவிட்டீர்களா? உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். பெற்றவர்களும் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். 1930 இரவிலும் எடுப்பார்கள்.